கிரில்லை மூடிய சாமந்தி மாலை

பழைய கார் ஒன்றை வாங்கி, ஔந்தில் எங்கள் ஃபிளாட்டின் பார்க்கிங்கில் ஆறு மாதம் அதன் எஞ்சினைப் பிரித்து நானே திரும்பப் பூட்டினேன். ஆயுத பூஜையன்று முன்கிரில் முழுக்கச் சாமந்தி மாலையாகக் கட்டி, மனைவியோடு கிளம்பினேன். ஆகுர்டி தொழிற்பேட்டை வருவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது.

"மாலை காத்தை அடைக்குதோ?" என்றாள்.

"உனக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?" என்று சிடுசிடுத்துவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து ஃபேன் பெல்ட்டைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஸ்கூட்டரில் வந்த தொழிற்சாலை ஊழியர் ஒருவர் நின்று பார்த்தார். மாலையை அவிழ்த்து என் கழுத்தில் போட்டார். "எஞ்சின் மூச்சு விடட்டும், சாஹேப்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

எஞ்சின் ஆறியதும் கிளப்பினேன். முள் நடுவிலேயே நின்றது. மாலையைக் கழற்றப் போனேன்.

"வீடு வரைக்கும் இருக்கட்டும்" என்றாள்.

அவள் சொல்லி நான் மறுபேச்சில்லாமல் கேட்ட முதல் விஷயம் அதுதான்.