அப்பா பெயருக்கு ஒரு ஸ்பேஸ்

பலர் சேர்ந்து இலவசமாக உருவாக்கும் ஒரு பிரவுசருக்கு நானும் கோட் எழுதுகிறேன். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டால் தடுப்பது என் பகுதி. ஐயப்பன்தாங்கலில் எதிர் ஃப்ளாட் செல்வி அக்கா, மகளுடைய காலேஜ் விண்ணப்பத்துக்காக லேப்டாப் கேட்டபோது, அந்தப் பிரவுசரிலேயே திறந்து கொடுத்தேன்.

'தந்தை பெயர்' கட்டத்தில் அக்கா ஸ்பேஸ் பாரை மட்டும் தட்டினார். 'பெயரை நிரப்பவும்' என்று சிவப்பில் வந்தது.

"இன்னாப்பா, மத்த கம்ப்யூட்டர்ல இப்டி தட்டுனா உட்டுடும். இது உட மாட்டேங்குது?"

"வெறும் ஸ்பேஸ ஏத்துக்கக் கூடாதுன்னு நான்தான்கா எழுதி வச்சேன்."

"அப்பன் பேரு வோணாம்னு அவளே சொல்லிட்டா. நான் இன்னா போட?"

நான் எழுதிய அந்தத் தடையைக் கோடிலிருந்து நீக்கிவிட்டு விண்ணப்பத்தை மறுபடி திறந்தேன். இந்த முறை வெறும் ஸ்பேஸோடு விண்ணப்பம் காலேஜுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த மாற்றத்தைப் பிரவுசர் குழுவுக்கும் அனுப்பினேன்; ஏன் நீக்கினாய் என்று கேட்டார்கள். அக்காவுக்கு உதவினேனா, என் வேலையைக் கெடுத்தேனா என்றே புரியாமல், "காலி என்றால் என்னவென்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை" என்று எழுதினேன். அது உண்மைதான்.