தேவகி என்னிடம் மட்டும் சொன்னது

இன்னும் இரண்டு மாதத்தில் எனக்கு ஓய்வு. ஆவடி, திருமுல்லைவாயில், முத்தாபுதுப்பேட்டை என்று முப்பத்து நாலு வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கி ஊழியம் செய்தவள் நான். புதிதாக ஊழியத்துக்கு வரும் பிள்ளைகளுக்காக, ஆண்டவர் என் மூலம் செய்த அற்புதங்களைப் பத்துப் பக்கத்துக்கு எழுதிக் கொடுக்கும்படி மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள். அற்புதம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் என் வாயால் வந்த வினையை எழுதுகிறேன். அச்சிட மாட்டோம் என்றால் போகட்டும், எனக்கென்ன.

இதில் வரும் பெண்ணிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோ. பேர மாத்திப் போடு, தெருவப் போடாத" என்றாள். தேவகி என்ற பெயர் அவளே கொடுத்தது.

1. கூம்பு ஸ்பீக்கர்

நான் ஊழியத்துக்கு வந்து மூன்றாவது வருஷம். முத்தாபுதுப்பேட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து ஞாயிறு சாயங்காலக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தோம். உள்ளே இருபது பேர் இருந்தால் அதிகம். ஆனால் கூரைமேல் ஒரு கூம்பு ஸ்பீக்கர், நாலு தெருவுக்குக் கேட்கும். சுவிசேஷம் எல்லார் காதிலும் விழ வேண்டுமாம்.

தேவகிக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். லோடு ஏற்றுகிற வேலை அவள் புருஷனுக்கு. ஒரு நாள் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, சொம்பைத் திரும்ப வாங்கும்போது மெதுவாகச் சொன்னாள். "தெனிக்கும் குச்சிட்டு வந்து அடிக்கிறான்கா. உன் சாமியாண்ட சொல்லு."

சொன்னேன். எப்படிச் சொன்னேன்? அந்த ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்து, கண்ணை மூடி, கண்ணீரோடு சொன்னேன். "ஆண்டவரே, இன்ன தெருவிலே இருக்கிற மகள் தேவகியை நினைத்தருளும். குடித்துவிட்டு அவளை அடிக்கிற அவள் கணவனின் கைகளைக் கட்டும் ஆண்டவரே." அவன் பெயரையும் சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் ஜெபம் குறிப்பாக இருக்கும் என்று எனக்குப் பயிற்சியில் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

அவன் எதிர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். "இன்னா மாமே, உன் பேரு மைக்குல வருது?" என்று கூட இருந்தவன் கேட்டானாம். கடையே சிரித்ததாம். அவன் என்னிடம் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக வீட்டுக்குப் போனான்.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது தேவகி கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். உதடு வீங்கியிருந்தது. "சாமியாண்ட தானே சொல்லச் சொன்னேன்? தெருவாண்ட சொல்லச் சொன்னனா?" என்று கேட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

அழுதுகொண்டே போய் எங்கள் மூத்த ஊழியரிடம் சொன்னேன். "சாத்தான் தடை பண்றான் சிஸ்டர். இன்னும் ஊக்கமா ஜெபிக்கணும்" என்றார் அவர். அடுத்த ஞாயிறு அவரே மைக்கைப் பிடித்து தேவகிக்காக ஜெபித்தார். பெயரோடு, தெருவோடு, அதே ஸ்பீக்கரில். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன்.

2. பாரத்தைப் பகிர்ந்துகொள்ளுதல்

எங்கள் ஆட்களைப் பற்றி வெளியாருக்குப் புரியாத ஒரு விஷயம் உண்டு. எங்கள் கூட்டத்தில் வம்பு பேசுவது பாவம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு 'ஆண்டவரே' என்று ஆரம்பித்துவிட்டால் எதையும் சொல்லலாம். யார் வீட்டில் யார் ஓடிப்போனாள், யாருக்கு எத்தனை அரியர்ஸ், எல்லாம் வரும். ஒரு மருமகள் மாமியாரைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு, "என் மாமியாரின் கல்லான இருதயத்தை உடைத்தருளும் ஆண்டவரே" என்று ஜெபித்தாள். மாமியாரும் விடவில்லை. மருமகளின் நாவுக்குக் காவல் வைக்கும்படி அங்கேயே ஒரு பதில் ஜெபம் ஏறெடுத்தார். சபை இரண்டுக்கும் ஆமென் சொன்னது.

இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் கிடையாது, அதுதான் எரிச்சல். ஒருவர் பாரத்தைப் பத்துப் பேர் சுமந்தால் லேசாகும் என்று உண்மையாகவே நம்புகிறோம். பாரம் யாருடையது, அதை இறக்கி வைக்க அவர் நம்மிடம் சொன்னாரா என்று கேட்பதே இல்லை. நானும் கேட்டதில்லை.

தேவகி பதினோரு வருஷம் என்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் அந்தப் பக்கம் போய்விடுவாள். அவள் புருஷன் கல்லீரல் கெட்டுச் செத்த அன்று தயங்கித் தயங்கி வாசலில் போய் நின்றேன். "உள்ள வாக்கா" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு மாதம் ஒருமுறையாவது அவள் வீட்டுக்குப் போவேன். அவள் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, எடுக்கப்போவதும் இல்லை. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவாள், எனக்கும் ஒரு சொம்பு எடுத்து வைப்பாள். முகப்பேரில் இரண்டு ஃப்ளாட்டில் சமையல் வேலை செய்து ஒரே மகள் ரேகாவை பி.காம் படிக்க வைத்தாள்.

எங்கள் மாதாந்திர அறிக்கைப்படி பார்த்தால் அவள் வீட்டுக்கு நான் போனதெல்லாம் வீண். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

3. பேர் சொல்லாமல் சொன்னது

இந்த வருஷம் ரேகாவுக்குத் திருமுல்லைவாயிலில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயம் முடிந்து, பத்திரிகையும் அடித்தாயிற்று. கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது தேவகி என்னை ஆவடி பஸ் ஸ்டாண்டுக்கு வரச்சொன்னாள். வீட்டில் பேச முடியாதாம்.

"மாருல கட்டி கீதுக்கா. டெஸ்ட்டு எடுத்துட்டாங்கோ. அதான்னு சொல்லிட்டாங்கோ."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ஒடனே ஆபரேசன் பண்ணணுமாம். நான் கல்யாணம் முடிச்சிட்டு வரேன்னுட்டேன். மாப்ள ஊட்ல தெரிஞ்சிச்சின்னா, அம்மாவுக்கு வந்தா பொண்ணுக்கும் வரும்னு நிறுத்திடுவாங்கோ. ரேகாவுக்கே தெரியாது. உன்னாண்ட மட்டும்தான் சொல்றேன்."

கல்யாணத்தைத் தள்ளிவை, உயிர் முக்கியம் என்று அரை மணி நேரம் சண்டை போட்டேன். அவள் பிடித்த பிடியில் நின்றாள். கடைசியில், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். சத்தியம் பண்ணக் கூடாது என்று மற்றவர்களுக்குப் போதிக்கிறவள் நான்.

நாலு நாள் தாங்கினேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் எங்கள் பாஸ்டர் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சின்ன வயது, நல்ல மனசு; தம்பி என்றுதான் கூப்பிடுவேன். "ஏன்கா முகம் வாடியிருக்கு? பாரத்தை உள்ளேயே வெச்சிக்காதீங்க. சொல்லுங்க, ஒருமனப்பட்டு ஜெபிப்போம்" என்றார்.

சொல்லிவிட்டேன். முப்பத்து நாலு வருஷத்துக்குப் பிறகும் அதே வாய்! பெயரைச் சொல்லவில்லை என்பதில் எனக்குப் பெருமை வேறு. முத்தாபுதுப்பேட்டையில் ஒரு விதவை, முகப்பேரில் சமையல் வேலை, அடுத்த மாதம் ஒரே மகளுக்குக் கல்யாணம், இந்த நேரத்தில் புற்றுநோய். "யாருக்கும் தெரிய வேணாம் தம்பி, நீங்க தனியா ஜெபிங்க" என்றும் சொன்னேன். இத்தனையும் சொன்ன பிறகு பெயர் எதற்கு?

மறுநாள் காலை டிபன் சாப்பிடும்போது போனைப் பார்த்தேன். சபையின் ஜெப வாட்ஸ்அப் குரூப். இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். 'அவசர ஜெப விண்ணப்பம்' என்று தலைப்பு. நான் சொன்ன அத்தனையும் வரி வரியாக, கீழே 'பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது' என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே ஆமென், ஆமென், ஆமென் என்று போய்க்கொண்டே இருந்தது.

கையைக்கூடக் கழுவாமல் ஆட்டோ பிடித்து பாஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

"தனியா ஜெபிங்கன்னு தானே தம்பி சொன்னேன்?"

"ஜெப வீரர்களுக்கு மட்டும்தான்கா போட்டேன். பேர்கூட போடலையே. நிறைய பேர் ஜெபிச்சா..."

"ஆண்டவருக்கு ஒருத்தி சொன்னா காது கேக்காதா? இருநூறு பேர் கத்தினாத்தான் கேக்குமா? எடுங்க முதல்ல!"

அவர் மிரண்டு போய்விட்டார். நான் அப்படிக் கத்தி அவர் பார்த்ததில்லை. உடனே அழித்தார். ஆனால் குரூப்பில் திருமுல்லைவாயிலிலிருந்து வருகிற ஒரு அம்மா இருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். அவரும் கெட்டவர் இல்லை. மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து, "பாவம், உங்க சம்பந்திக்காக நாங்கல்லாம் ஜெபிக்கிறோம்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஆறுதல்!

திங்கட்கிழமை கல்யாணம் நின்றுபோனது.

4. போன்

தேவகியிடம் நானே போய்ச் சொன்னேன், சொன்னது நான்தான் என்று. வழி முழுக்க ஒரு விளக்கம் தயார் செய்துகொண்டு போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "என் தப்புதான்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரொம்ப நேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "ரேகாவாண்ட நான் சொல்றதுக்கு முன்ன அவளுக்கு அந்தப் பையன் போன் பண்ணிச் சொல்ட்டான்கா. அதான் எனுக்குத் தாங்கல" என்றாள். ரேகா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

பாஸ்டர் தம்பி வருத்தப்பட்டுத்தான் என் வீட்டுக்கு வந்தார். வந்தவர் சும்மா இருக்கக் கூடாதா? "எல்லாம் கர்த்தருடைய சித்தம்கா. இப்ப ஆபரேஷன் சீக்கிரம் நடக்குது பாருங்க. ஒருநாள் இது பெரிய சாட்சியா மாறும்" என்றார்.

"தம்பி, சித்தம் கர்த்தருடையதா இருக்கட்டும். போஸ்ட்டு போட்டது நீங்க. வாயைத் திறந்தது நான். அவர் மேல போடாதீங்க" என்றேன். இத்தனை வருஷத்தில் நான் செய்த உருப்படியான பிரசங்கம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் வரப்போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்களை நம்பி ஒருவர் ஒன்றைச் சொன்னால் அது உங்களிடமே இருக்கட்டும். நெஞ்சு கனக்கும், தூக்கம் வராது, யாரிடமாவது சொன்னால் தேவலை என்றிருக்கும். அப்போது நமக்கு வேண்டியிருப்பது நம்முடைய ஆறுதல், அவர்களுடைய விடுதலை இல்லை. அந்தக் கனத்தைச் சுமப்பதுதான் நம் வேலை. எனக்கு இது அறுபது வயதை நெருங்கும்போது புரிந்திருக்கிறது.

ஆபரேஷன் அன்று காலை பெரியாஸ்பத்திரி வார்டுக்குப் போனேன். தேவகிதான் வரச்சொல்லியிருந்தாள். பச்சைத் துணி உடுத்திக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ரேகா தலைமாட்டில் நின்றாள், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஜெபம் பண்ணுக்கா" என்றாள் தேவகி. "சத்தமா வோணாம்."

கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். குரலை எடுத்தே பழகியவளுக்கு உள்ளே ஒரு வார்த்தை வரவில்லை. உதடு தானாக முணுமுணுத்தது.

"ஒதட்ட ஆட்டாத. பக்கத்து பெட்டுக்காரம்மா பாக்குது."

உதட்டைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. தியேட்டர் கதவு வரை நாங்கள் இரண்டு பேரும் கூடவே நடந்தோம். கதவு மூடியதும் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். ரேகா சற்று நேரம் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"போனக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"அம்மா வெளிய வர வரைக்கும் என்னாண்ட இருக்கட்டும்."

எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை ஆஃப் செய்து தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, பெஞ்சில் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்தேன்.