கிளம்புகிறவளிடம் கேட்கக் கூடாதது

முதல் நாள் அந்தப் பாயில் இருந்தவர்கள் இவர்கள். நான். என்னோடு கப்பல் பட்டறையில் வெல்டிங் அடித்த ராயபுரத்துத் தோஸ்து. அவனுக்குப் பழக்கமான ஒரு இந்தோனேசியா அக்கா. அந்த அக்கா கூட்டி வந்த அவள். ஐந்தாவதாகத் தோஸ்தின் போனையும் சேர்க்க வேண்டும், அன்றைக்கு அதுதான் அதிகம் பேசியது. சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கும் லீவு, வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கும் லீவு. புல்தரையில் பாய் விரித்து உட்காருவோம். தோஸ்து அங்கே பத்து வருஷம் இருந்தவன், அவர்கள் பாஷை ஓரளவு வரும். எனக்குத் தமிழே குறைவாகத்தான் வரும். எட்டாவதோடு நின்றவன். அவள் போனில் ஏதோ சொன்னாள். அது அதைத் தமிழாக்கி வாத்தியார் குரலில், "தங்களைச் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்" என்றது. தோஸ்து பாயிலேயே உருண்டான். "மாமு, பொண்ணு உன்ன மேடையில ஏத்தி மாலை போட்டுகினு கீது. பதில் சொல்லு." நான் போனை வாங்கி, சாப்டியா என்று கேட்டேன். அதுதான் கேட்கத் தெரிந்தது.

இரண்டாவது மாதமே போனை விட்டுவிட்டோம். ஊரில், எண்ணூரில், எங்கள் மீன்பிடி போட்டில் இஞ்சின் ஓடும்போது யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. எல்லாம் கைதான். முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து. விரலைச் சுற்றினால் வலையை விடு. நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினால், நீ விடு, நான் பார்த்துக்கொள்கிறேன். சின்ன வயசில் நைனாவிடம் பழகிய அந்தக் கைப்பேச்சை அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன். நான் சிக்னல் பார்க்காமல் ரோட்டில் கால் வைத்தால் அவள் முஷ்டியைத் தூக்குவாள். அவள் எனக்குக் கொடுத்தது மக்கான், இக்கான். மக்கான் என்றால் சாப்பிடுவது, இக்கான் என்றால் மீன். டார்மெட்டரியில் நெத்திலிக் குழம்பு வைத்து டிபன் பாக்ஸில் கொண்டு போவேன். காரத்தில் கண்ணில் தண்ணீர் வர வர முழுதும் சாப்பிடுவாள். அவள் முதலாளியம்மா வீட்டில் நின்றுகொண்டேதான் சாப்பாடாம். அதையும் கையால்தான் சொன்னாள்.

இப்படி இரண்டு வருஷம். தோஸ்து விடமாட்டான். "எத்தினி நாளைக்கு மாமு ஊமைப் படம் ஓட்டுவே? அது வூட்ல எவனையாவது பாத்து முடிச்சிடப் போறாங்க." தீபாவளிக்கு ஊருக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்து கேட்கலாம் என்று இருந்தேன். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்பதை அவள் பாஷையில் எப்படிக் கேட்பது என்று தோஸ்துதான் கற்றுக் கொடுத்தான். வெல்டிங் முகமூடிக்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். வெளியே யாருக்கும் கேட்காது. அது ஒரு வசதி.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, எப்போது வருவாய் என்றும் கேட்கக் கூடாது. கேட்டால் போன காரியம் கெடும், சில சமயம் போன ஆளே திரும்ப மாட்டான் என்பார்கள். எனக்கு ஆறு ஏழு வயசிருக்கும். ஒரு விடியற்காலை நைனா வலையைத் தோளில் போட்டு வாசல் தாண்டும்போது, "எப்ப வருவே நைனா" என்று கேட்டுவிட்டேன். நைனா வலையைக் கீழே போட்டார். அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. அத்தைதான் அறைந்தாள். "கால எடுத்து வெச்சவங்கிட்ட வாயத் தொறப்பியா?" அன்று வீட்டில் கஞ்சிதான். அதற்கப்புறம் நான் யாரையும் கேட்டதில்லை. என் தங்கை புருஷன் வீட்டுக்குக் கிளம்பியபோதுகூடக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் பாசம் என்று பழகியாகிவிட்டது.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. அந்த ஞாயிறு அவள் சக்கரம் வைத்த புதுப்பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். தோஸ்தும் அக்காவும் அன்று வரவில்லை. குழம்பைத் திறந்து வைத்தேன், இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. பெட்டியை என் முன்னால் நிறுத்தி, கையால் தட்டி, என் முகத்தைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது, எங்கேயோ போகப் போகிறாள். வேறு வீட்டுக்கு மாற்றுகிறார்கள்போல என்று நினைத்தேன். கேள்வி வாய் வரைக்கும் வந்தது. பெட்டியோடு இருக்கிறவளிடம் எப்படிக் கேட்பது? அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனேன். அவளது ஒரு கை மூடியே இருந்தது. ரொம்ப நேரம் நின்றோம். ஒரு பஸ் வந்ததும் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள். நான் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. போன் அடித்தால் அந்த நம்பரே இல்லை என்றது. அதற்கடுத்த ஞாயிறு அக்கா வந்தாள். தோஸ்து கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னான். வேலைக் காலம் முடிந்து அவளை ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். புதுப்பித்துக் கேட்கலாம் என்றுகூட அவளுக்கு ஒரு எண்ணம் இருந்ததாம், நான் ஒரு வார்த்தை கேட்டால். கையில் மூடி வைத்திருந்தது அவள் ஊர் விலாசம். "ரெண்டு வருசம் பழகினவன், எங்க போறேன்னுகூடக் கேக்கல, அவனுக்கு இன்னாத்துக்கு விலாசம்னு கிழிச்சிப் போட்டுச்சாம் மாமு. நீயும் குடுக்காதன்னு அக்காகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கு."

நான் குப்பத்து வழக்கத்தைச் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் பேசியது அன்றுதான். தோஸ்து வேர்த்து வேர்த்து அதை மாற்றிச் சொன்னான். அக்கா முழுதும் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள். தோஸ்து என்னைப் பார்க்காமல் சொன்னான். "அவ இன்னா மீன் புடிக்கவா போனா, அப்டின்னு கேக்குது." விலாசம் தரவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இப்போது எண்ணூரில்தான் இருக்கிறேன். அனல் மின் நிலையத்துச் சாம்பல் தண்ணீர் போகிற பைப்புக்குக் காண்ட்ராக்ட்டில் வெல்டிங். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா கேட்டுக் கேட்டு விட்டுவிட்டாள். தோஸ்து எப்போதாவது ராயபுரத்திலிருந்து வருவான், அவள் பேச்சை எடுக்க மாட்டான். விடியற்காலை வேலைக்குப் போகிற வழியில் போட்டைக் கடலில் தள்ளுகிறவர்கள் இருப்பார்கள். நான் நின்று கேட்கிறேன், எங்கே போறீங்க, எப்ப வருவீங்க. வேண்டுமென்றேதான் கேட்கிறேன். "வந்துட்டாம்பா, வாய வெச்சிட்டான்" என்று காறித் துப்புகிறார்கள். ஒரு பெரியவர் போட்டைத் திருப்பிக் கரையில் ஏற்றிவிட்டு, செத்துப்போன என் நைனா பேரைச் சொல்லித் திட்டினார். திட்டட்டும். போனவர்கள் எல்லாரும் திரும்பித்தான் வருகிறார்கள். நான் கேட்டு ஒருத்தனும் சாகவில்லை.

அந்தச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில், வந்த பஸ்ஸை எல்லாம் அவள் விட்டுக்கொண்டே இருந்தாள். கூட்டமென்று விடுகிறாள் என்று நினைத்தேன். கூட்டமில்லை. உட்கார இடம் இருந்தது, ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். எல்லாம் அவள் போக வேண்டிய பஸ், நம்பர் எனக்கும் தெரியும். ஒவ்வொரு பஸ்ஸும் நின்று கதவு திறக்கும்போது அவள் என் முகத்தைப் பார்த்தாள். கதவு மூடும்வரை பார்த்தாள்.

ஆறு பஸ்.