ஆவாரம்பூவில் உட்கார்ந்த ஈ

பசுவந்தனை ஊரில் ஆடு மேய்க்கும் உச்சிமாகாளிக்கு ஒருத்தர்மேல் சந்தேகம் வந்துவிட்டால் அவ்வளவுதான், உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். இந்தச் சித்திரையில் அவளிடம் மாட்டியது ஓர் ஈ.

போன கோடையில் அவளுடைய ஆடுகள் தும்மித் தும்மிச் சளி ஒழுக்கின. மூக்கிலிருந்து வெள்ளைப் புழு விழுந்தது. மூன்று ஆடுகள் தலைசுற்றி விழுந்து செத்தன. ஏதோ ஈ மூக்கில் புழுவைப் போடுகிறது என்றார்கள். எந்த ஈ என்று யாரும் காட்டித் தரவில்லை. இப்போது மறுபடியும் இரண்டு ஆடுகள் தும்முகின்றன.

ஊர்க்கார ராதாமணியின் கரிசல் புஞ்சையில், அவளோடு பேசிக்கொண்டே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோதுதான், வரப்போர ஆவாரம்பூவில் அதைப் பார்த்தாள். தேனீ மாதிரி மஞ்சள் வரி. ஆனால் இரண்டே சிறகு. அந்தரத்தில் அப்படியே நின்றது, பிறகு பூவில் இறங்கி உறிஞ்சியது.

“எம்புட்டு வக்கணையா குடிக்கு பாருங்கக்கா! இந்தக் களவாணிதான். செடிய பூரா வெட்டுதேன்.”

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பயிரில் ஆடு வாய் வைக்காமல் காத்தவள். வாய் வைப்பதுதான் களவு என்பது அவள் தீர்மானம்.

“ஏட்டி, பொறு. அது என் வெள்ளரிப்பூவுலயுந்தான் உக்காருது. டாக்டர்ட்ட காட்டிட்டு வெட்டு” என்றாள் ராதாமணி.

உச்சிமாகாளி மாத்திரை டப்பாவில் ஈயைப் பிடித்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா பார்த்துச் சிரித்தார்.

“பாவம்மா, இது தேன் குடிச்சுப் பொழைக்கிற ஈ. மூக்குல புழு போடுற ஈக்குத் திங்கவே வாய் கிடையாது. பூப்பக்கமே வராது. சாம்பல் நிறத்துல, சுவர்ல வெயில் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருக்கும்.”

உச்சிமாகாளிக்கு அது பழகிய ஈ. அந்தச் சாம்பல் ஈயைத் தொழுவத்துச் சுவரில் தினமும் பார்க்கிறாள். தீவனத்தில் உட்காராது, புண்ணில் மொய்க்காது. என்ன சாதுவான ஈ என்று ஆச்சரியப்பட்டிருக்கிறாள்.

தும்முகிற ஆடுகளுக்கு மருந்து கிடைத்தது. சீக்கிரம் கொடுத்தால் பிழைத்துவிடும் என்றார் டாக்டரம்மா. அவள் வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று மகளுக்குப் போன் போட்டாள்.

“ஏட்டி முத்துசெல்வி, தொழுவத்துச் சுவத்துல அந்தச் சாம்பல் ஈ இருந்தா அடிச்சுக் கொல்லு.”

“நான் போன வருசம் அடிக்கப் போனப்ப நீதானம்மா கையப் பிடிச்ச? ஒண்ணுந் திங்காத உசுரு, இருந்துட்டுப் போட்டும்னு சொன்னியே!”

“ஆமாட்டி” என்றாள். போனைக் காதில் வைத்தபடியே அழுதாள்.