அப்பாவின் நடத்தை 'சுமார்'

அப்பாவின் நினைவு நாளுக்காகப் போட்ட இந்த மலரைக் கையில் வாங்கியதும் முதலில் அவர் படத்தைப் பார்ப்பீர்கள். அடுத்து, நன்றி சொல்லும் இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். நம் சொந்தக்காரர்களின் வழக்கம் எனக்குத் தெரியும். இந்த ஒரு முறை நடுவில் இருப்பதையும் படித்துவிடுங்கள். இலை போட இன்னும் நேரமிருக்கிறது.

எங்கள் அப்பா மருங்காபுரிப் பக்கம் வானம் பார்த்த பூமியில் பிறந்தவர். மூன்று வருடம் தொடர்ந்து மழை பொய்த்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த தன் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அந்த அக்காதான் எங்கள் அத்தை. அத்தையின் கணவர், எங்கள் மாமா, இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். கல்யாணமானாலும் காரியமானாலும் அவருக்கு முன்வரிசை வேண்டும்.

அப்பா மன்னார்புரத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டார். பிறகு ராணுவத்தின் பகுதிநேரப் படையில் சேர்ந்தார். மற்ற நாளெல்லாம் சொந்த வேலையைப் பார்க்கலாம். வருடத்தில் சில வாரம் பயிற்சிக்குப் போக வேண்டும். நாட்டுக்குத் தேவை என்று கடிதம் வந்தால் சொன்ன நாளில் போய் நிற்க வேண்டும். சீருடையை அப்பாவே துவைத்து, அப்பாவே இஸ்திரி போடுவார். அம்மாவைக்கூடத் தொட விட்டதில்லை. கல்யாணமாகி மன்னார்புரத்துக்குக் குடிவந்த பிறகும் படையில் கொடுத்திருந்த ஸ்ரீரங்கம் விலாசத்தை அவர் மாற்றவில்லை. "அக்கா வீடு நம்ம வீடுதானே" என்றாராம். அப்பா தன் வாழ்நாளில் செய்த தவறு என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மாமாவின் மூத்த மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த விலாசத்துக்குப் பதிவுத் தபால் வந்தது. ஐந்து நாளில் முகாமில் வந்து சேர வேண்டும் என்ற அழைப்பு. மாமா கையெழுத்துப் போட்டு வாங்கினார், பிரித்துப் படித்தார், கல்யாணச் சாமான் வைத்திருந்த பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். ஏன் என்று நம் வழக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்ணுக்குத் தாய்மாமன் அப்பா ஒருவர்தான். தாய்மாமன் வந்து மாலை போடாமல் நம் வீட்டுப் பெண் மணவறை ஏற மாட்டாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மாமாவின் கௌரவம் என்னாவது?

அப்பா சீர் கொண்டுபோனார், மாலை போட்டார், பந்தி பரிமாறினார். மறுவீட்டு விருந்தும் முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டே மாமா கடிதத்தை நீட்டினார்.

"நல்ல காரியம் முடியட்டும்னு வச்சிருந்தேன் மச்சான். இப்பப் போனா வேணாம்னா சொல்லிடப் போறாங்க?"

அப்பா வீட்டுக்குக்கூட வராமல் அங்கிருந்தே பஸ் ஏறினார். முகாமில் அவருடைய அணி கிளம்பிப் போய் எத்தனையோ நாளாகியிருந்தது. விசாரணை வைத்தார்கள். கடிதம் கைக்குத் தாமதமாகக் கிடைத்தது என்றார் அப்பா. உரிய நாளிலேயே வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து விழுந்த தபால் ஒப்புகை அட்டையைக் காட்டி, இது யார் கையெழுத்து என்று கேட்டார்கள். அப்பா வாயைத் திறக்கவில்லை. மாமாவைக் கேள்வி கேட்டால் அவருடைய கோபம் அத்தையின் மேல்தான் இறங்கும் என்று அவருக்குத் தெரியும். அழைத்தும் வராதவர் என்று படையிலிருந்து விடுவித்தார்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நடத்தை என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல். தமிழில் சொன்னால், 'சுமார்'.

சுமார் என்பது கல்யாண வீட்டு ரசத்துக்குச் சொல்லுகிற சொல். அதை எங்கள் அப்பாவுக்குச் சொன்னார்கள்.

காவலாளி வேலைக்குப் போன இடங்களில் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார்கள். அதைவிட நம் உறவுகள் செய்ததுதான் அருமை. 'ஆப்சென்ட்' என்று அப்பாவுக்குப் பெயர் வைத்தீர்கள். எங்கள் காதில் விழாது என்று நினைத்தீர்களோ, விழட்டும் என்று நினைத்தீர்களோ. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மாமா. "எங்க மச்சான் மிலிட்டரில லீவு போட்டு வந்தாரு, இன்னும் லீவுலதான் இருக்காரு" என்பார். பெட்டியைப் பூட்டிய அதே கையால் தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பார். இப்படியும் ஒரு மனிதரா என்று எனக்கு அருவருப்பாக இருக்கும்.

அதற்குப் பிறகு அப்பா எந்த இடத்துக்கும் தாமதமாகப் போனதில்லை. உங்கள் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றிலும், வாசலில் வாழைமரம் கட்டுகிறவர்கள் வரும் முன்பே போய் நின்றிருப்பார். அதையும் கேலி செய்தீர்கள்.

அந்தச் சொல்லை மாற்றித் தரும்படி அப்பா மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். மனுவை எடுத்துப் பார்த்த அலுவலகத்து அம்மா ஒருவர் மரியாதையாகவே சொன்னார்: "ஐயா, கடிதத்தை வாங்கினவர் யாரோ, அவர்கிட்ட ஒரு அஃபிடவிட் வாங்கிட்டு வாங்க. நான்தான் வாங்கினேன், இத்தனை நாள் கொடுக்காம வச்சிருந்தேன்னு எழுதினாப் போதும்." அவ்வளவுதான். ஒரு தாள், ஒரு கையெழுத்து.

ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஸ்ரீரங்கம் போய்க் கேட்பார். சம்பந்திக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்பார் மாமா. சம்பந்தி காலமானார். மாப்பிள்ளை என்ன நினைப்பார் என்றார். அந்த மாப்பிள்ளையே, "கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க மாமா, இதுல என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம், "இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா கோர்ட்டு கச்சேரி?" என்று ஆரம்பித்தார். பழத்தை மட்டும் ஒரு வருடமும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

நான் பொறுக்க முடியாமல் ஒருநாள், "ஊரைக் கூட்டிச் சொல்லிடுறேம்ப்பா" என்றேன்.

"அக்கா அந்த வீட்டுல சோறு திங்கணும்மா. அக்கா இருக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதே" என்றார்.

கடைசியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் அதைத்தான் சொன்னார். தலையணைக்கு அடியில் டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தது. நர்ஸ் எடுத்து ஓரமாக வைக்கப் போனார், அப்பா விடவில்லை. அன்று சாயங்காலம் எங்கள் கையைப் பிடித்தபடி போய்விட்டார். மூன்று மாதத்தில் அத்தையும் போனார். தம்பியின் துக்கத்தில் போனார் என்று மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருக்கலாம். ஆனால் இனி எங்கள் வாயைக் கட்டிப்போட யாரும் இல்லை.

அப்பாவின் மனுவை என் தம்பியும் நானும் வாரிசுகளாகத் தொடர்ந்து நடத்துகிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு, விசாரணைக் கோப்பிலிருந்த அட்டையின் நகலை வாங்கிவிட்டோம். அடுத்த மாத விசாரணைக்குள் அந்த அஃபிடவிட் வந்தால் சொல் மாறும், வராவிட்டால் மனு தள்ளுபடியாகும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். எங்களுக்கு இதில் காசு பணம் எதுவும் வரப்போவதில்லை. அப்பாவின் பெயருக்கு எதிரே இருக்கும் அந்தச் சொல் போக வேண்டும்.

இனி நன்றி. கடைசி மாதங்களில் இரவு பகல் பாராமல் உடனிருந்த பட்டறை நண்பர்களுக்கு. அப்பாவைப் போல் நேரம் தவறாதவரைத் தான் பார்த்ததில்லை என்று தன் கைப்படச் சாட்சிக் கடிதம் எழுதித் தந்த படைத்தோழருக்கு. ஒவ்வொரு மனுவையும் தட்டச்சு செய்துவிட்டு, அப்பாவிடம் "முடிஞ்சதும் ஸ்வீட் வாங்கிக் கொடுங்கண்ணே" என்று மட்டும் சொன்ன மன்னார்புரத்துச் சகோதரிக்கு எங்கள் நன்றி. கேலி செய்தவர்களுக்கும் வந்ததற்கு நன்றி. பாயசம் நன்றாக இருக்கும்.

மாமாவுக்குத் தனியாக ஒன்று. நினைவு மலரின் பின்னட்டையில் அப்பாவின் இன்னொரு படத்தைப் போடலாம் என்று அச்சகத்தில் சொன்னார்கள். நாங்கள் தபால் ஒப்புகை அட்டையைப் போட்டிருக்கிறோம். உங்கள் கையெழுத்து தெளிவாக விழுந்திருக்கிறது மாமா, திருப்பிப் பாருங்கள். மலர் கொடுக்கும் மேசையில் அஃபிடவிட் தயாராக இருக்கிறது, பக்கத்தில் நோட்டரி வக்கீலும் உட்கார்ந்திருக்கிறார். போட்டுவிட்டுச் சாப்பிட வாருங்கள். போடாவிட்டாலும் சாப்பிடுங்கள், எங்கள் அப்பா வீட்டுக்கு வந்த யாரையும் பசியோடு அனுப்பியதில்லை. ஆனால் உங்கள் இலைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பவர்கள் இதைப் படித்து முடித்திருப்பார்கள்.