தபசு என்று நாங்கள் நம்பியது

முதலில் என் மகள் சீனியை விட்டாள். தபசுகாலம் (பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாளுக்கு முன்வரும் நோன்பு நாட்கள்) தொடங்கியிருந்தது. நெடுந்தீவில் எங்கள் கோயிலைச் சேர்ந்த வீடுகளில் ஒவ்வொருவரும் எதையாவது விடுகிற காலம் அது. பதினாறு வயதுப் பிள்ளை சீனியில்லாமல் தேத்தண்ணி குடிப்பதை யார் பெரிதாக எடுப்பார்கள்?

பிறகு மீனை விட்டாள், கடற்றொழில் செய்கிறவரின் மகள்! பேச்சு குறைந்தது. விடியுமுன்பே எழும்பிக் கோயில் விறாந்தையில் போய் இருந்தாள். நத்தார் (கிறிஸ்துமஸ்) பண்டிகைக்குத் தைத்த நீலச் சட்டையை அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தாள். கொம்பாஸ் பெட்டியை வகுப்புத் தோழிக்குக் கொடுத்தாள். என் மகள் பிலோமினாவைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனம் குளிர்ந்தது.

எனக்கு வாய் சும்மா இராது. பூசை முடிந்து வரும் பெண்களிடம், "என்ரை பிள்ளைக்குத் தேவ அழைத்தல் வந்திட்டுது, பாருங்கோவன், மடத்துக்குத்தான் போவாள்" என்று சொல்லித் திரிந்தேன். தேவ அழைத்தல் என்றால் துறவறத்துக்கு ஆண்டவர் கூப்பிடுவது. குடும்பத்தில் ஒரு கன்னியாஸ்திரி இருப்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பெருமையா? "நீர் குடுத்து வைச்சனீர்" என்றார்கள். என் கணவர் மட்டும் ஒருநாள், "பிள்ளை சிரிச்சுக் கனநாள்" என்றார். "நீங்கள் உங்கடை வலையைப் பாருங்கோ" என்று அவர் வாயை அடைத்தேன்.

பாஸ்கு வந்தது. ஊரெல்லாம் இறைச்சி காய்ச்சியது. நோன்பு முடிந்தும் அவள் சீனியைத் தொடவில்லை.

அந்தக் கிழமையே அவள் தன் உயிரை மாய்க்க முயன்றாள். எப்படி என்பதை எழுதமாட்டேன். அது யாருக்கும் உதவாது. என் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு படகுக்கு ஓடினார். கடல் முழுக்க அவள் தலை என் மடியில் கிடந்தது. எனக்குச் செபம் ஒன்றும் வாயில் வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துத் தந்தார்கள். பிறகு மனநோய் பார்க்கும் டொக்டர் எங்களை விறாந்தையில் வாங்குப் பலகையில் இருத்திக் கேட்டார்.

"சாப்பாடு, நித்திரை எப்பிடி இருந்தது? தன்ரை சாமான்களை ஆருக்கும் குடுத்தவவோ?"

"அது தபசு, டொக்டர்" என்றேன். அப்போதும் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அம்மா, பிள்ளை உங்களிட்டை விடைபெற்றுக்கொண்டு இருந்திருக்கிறா."

மனச்சோர்வு நோய் (விடாமல் நீடித்து உணவு, உறக்கம், வாழும் விருப்பம் எல்லாவற்றையும் அரித்துவிடும் நோய்) என்றார். காரணம் கேட்டுக் குடைய வேண்டாம், பாவம் என்று பயமுறுத்த வேண்டாம், தனியே விட வேண்டாம் என்றார். ஆபத்தான எதுவும் அவள் கைக்கு எட்டக்கூடாது. மாத்திரையை நாங்களே எடுத்துக் கொடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் என்னை உலுக்கியது. "சாக நினைப்பு வருதோ எண்டு நேரை கேளுங்கோ."

"ஐயோ டொக்டர், கேட்டால் அந்த நினைப்பை நானே குடுத்ததாப் போயிடாதோ?"

"இல்லையம்மா. அது அவவிட்டை ஏற்கெனவே இருக்கு. நீங்கள் கேட்டால், தனியச் சுமக்கத் தேவையில்லை எண்டு அவவுக்குத் தெரியும்."

பிள்ளை வளர்க்கும் உங்களுக்கும் அதையே சொல்கிறேன்: கேளுங்கள். பிள்ளை மாறினால், உங்கள் ஆசைக்கு ஏற்ற பெயரை அந்த மாற்றத்துக்கு வைத்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த முதல் காலை, தலை இழுத்துப் பின்னிவிடும்போது கேட்டேன்.

"பிள்ளை, சாகவேணும் எண்டு நினைப்பு வருதோ?"

"ஓமம்மா" என்றாள். கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம்.

அன்று என் கணவர் தொழிலுக்குப் போகவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்து பிய்ந்த வலையைப் பொத்தினார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் கேட்கிறேன், எங்கள் வீட்டு ஒழுங்கு அதுதான். "இண்டைக்கு இல்லை" என்றால் படகு போகும். "ஓம்" என்றால் நிற்கும், எங்களுக்குச் சம்பலும் சோறும். என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண்கள் இப்போது கரையில் நிற்கும் படகைப் பார்த்துக் குசுகுசுக்கிறார்கள். குசுகுசுக்கட்டும்.

அவள் குணமாகிவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். முடியவில்லை. மாத்திரை நடக்கிறது, ஆனால் பழைய பிள்ளை திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை எனக்குப் பெரும்பாலும் போய்விட்டது. என் உடம்பு முழுக்கக் காது ஆகிவிட்டது. குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாலும் அவள் மூச்சைத் தேடுகிறது. அடுத்த வருடம், கலியாணம் என்று யாராவது கதைத்தால் எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. எனக்கு இருப்பது இன்று மட்டும்.

மறுபடி தபசுகாலம் வந்திருக்கிறது. இம்முறை எங்கள் வீட்டில் யாரும் எதையும் விடவில்லை. இன்று காலை தலை இழுக்கும்போது கேட்டேன்.

"ஓம்" என்றாள்.

அவர் போய்ப் படகை இழுத்துக் கட்டிவிட்டு வந்தார். நான் தேத்தண்ணிக்குச் சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நாளைக்கும் கேப்பியளோ?"

"கேப்பன் பிள்ளை" என்றேன். அவள் குடித்தாள்.