பட்டறைக்குள் குமுளி மலை

எங்கள் பக்கம் வண்டிக்கு எத்தனை குதிரைசக்தி என்று கேட்பது புதிதாகக் கார் வாங்கிய இளவட்டங்கள்தான். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். குமுளி மலையில், பெரிய பாறை வளைவை, ஆள் நிறைந்த வண்டி எந்தக் கியரில் ஏறுகிறது? இரண்டாவது கியரில் திணறாமல் ஏறினால் அது வண்டி. முதல் கியருக்கு இறங்கிவிட்டால், அதைத் தொட்ட மெக்கானிக்கின் பெயரை அன்று காலை கம்பம் ஸ்டாண்டில் டீயோடு சேர்த்து ஆற்றிவிடுவார்கள்.

அல்லிநகரத்தில் நானும் அண்ணனும் சேர்ந்து ட்யூனிங் பட்டறை வைத்திருக்கிறோம். ஸ்பானர் வேலை அண்ணனுடையது. வண்டியின் கம்ப்யூட்டரில் லேப்டாப்பைச் செருகி, டீசல் எப்போது எவ்வளவு பாய வேண்டும் என்று மாற்றி எழுதுவது என் வேலை. அண்ணன் பொறுமைசாலி. நான் அப்படி இல்லை என்பதை இதைப் படிப்பவர்கள் போகப் போகத் தெரிந்துகொள்வார்கள்.

வேலை முடிந்த ஜீப்பை மலையேற்றிக் காட்டினால்தான் டிரைவர்கள் சாவியை வாங்குவார்கள். மணல் மூட்டைகளை அடுக்கி, அண்ணன் ஓட்ட, நான் மடியில் லேப்டாப்போடு பக்கத்தில் உட்கார்ந்து போவேன். அப்படிப் போன ஒரு நாள் பாறை வளைவின் நடுவில் ஜீப் இழுவை விட்டது. என்ஜின் அணைந்தது. பிரேக்கை மிதித்தும் கேளாமல் வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. பின்னால் பஸ். நான் குதித்து, ஓரத்தில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்கு அடியில் போட்டேன். வண்டி நின்றது. பஸ் டிரைவர் எங்கள் பரம்பரை முழுவதையும் விசாரித்துவிட்டுப் போனார்.

அண்ணன் வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அண்ணியிடம் அத்தனையையும் கொட்டிவிட்டேன். அண்ணி கத்தவில்லை. அண்ணனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“இன்னிக்கி ஒங்கண்ணன் வீடு வந்து சேந்துட்டாக. இனிமே ஊரான் வண்டியச் சோதிக்க அவுக மலையேற வேணாம். பட்டறைய மூடுனாலும் சரி.”

அண்ணன் தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினார். தலையாட்டிவிட்டால் பிறகு மாற்றிப் பேசுகிற ஆள் இல்லை. மலையில் ஓட்டிக் காட்டாத வண்டியையோ எந்த டிரைவரும் வாங்க மாட்டார். ஒன்று, மலை பட்டறைக்குள் வர வேண்டும். இல்லையென்றால் பட்டறைக்குப் பூட்டு வாங்க வேண்டும்.

மலையைப் பட்டறைக்குள் கொண்டுவருகிற கருவிக்கு டைனோ என்று பெயர். தரைக்குள் பதித்த பெரிய இரும்பு உருளைகள் மேல் சக்கரத்தை நிறுத்தி வண்டியை ஓட்டுவது. வண்டி நின்ற இடத்திலேயே இருக்கும், உருளைதான் சுற்றும். என்ஜின் எவ்வளவு இழுக்கிறது என்று திரையில் கோடு விழும். பெரிய ஊர்களில் பட்டறைக்குப் பட்டறை இருக்கிறது. நானும் அண்ணனும் பஸ் பிடித்துக் கோயம்புத்தூருக்குப் போனோம்.

விற்பவர் முதலில் காட்டியது நான்கு சக்கரத்துக்கும் உருளை வைத்த மிஷின். சுவர் அளவு திரை. கனமான உருளையை வண்டி எவ்வளவு வேகமாகச் சுழற்றிவிடுகிறது என்பதை வைத்து அது சக்தியைக் கணக்கிடுகிறது. ஒரு காரை ஏற்றி உறுமவிட்டார். எண் திரையில் பளிச்சென்று வந்தது. அண்ணன் முகத்தில், தேர் பார்க்க வந்த பிள்ளையின் சந்தோஷம்.

“இதையே ஒரே வேகத்துல அழுத்திப் பிடிச்சு, ரொம்ப நேரம் இழுக்க வைக்க முடியுமா?” என்று கேட்டேன்.

“எதுக்குங்க மேடம்? பத்து செகண்டுல ரிசல்ட் வந்துருமுங்க.”

“எங்க ஊரு மலை பத்து செகண்டுல முடியாதுங்க.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அண்ணன் என் முழங்கையை இடித்தார். திரும்பி வரும் பஸ்ஸில் பழனியில் ஏறிய சண்டை வத்தலக்குண்டு தாண்டியும் இறங்கவில்லை.

“ஏத்தா, சின்னமனூர்ல இருந்தும் உத்தமபாளையத்துல இருந்தும் பயலுக நம்பர் பாக்கத்தான் வருவாய்ங்க. அந்தத் திரையப் பாத்தாலே கூட்டம் கூடிரும்,” என்றார் அண்ணன்.

“கூட்டம் கூட்ட கரகாட்டம் வைப்போம். ஜீப்பு மலையேறுமா ஏறாதான்னு அந்தத் திரை சொல்லுமாண்ணே?”

பக்கத்து சீட்டுக்காரர் தூங்குவதுபோல் பாவனை செய்துகொண்டு முழுவதும் கேட்டார்.

எனக்கு வேண்டியது என்னவென்று எனக்கே தெளிவாகத் தெரிய வேண்டியிருந்தது. அதற்குக் கம்பத்து டிரைவர் ஒருவரிடம் போனேன். நாங்கள் பாய் என்று கூப்பிடும் அவர்தான் ஸ்டாண்டில் மூத்தவர். அவர் வண்டிக்கு ஒரு வினோத வியாதி இருந்தது. அடிவாரத்தில் சிங்கம்போல் ஏறும். பாதி மலை போய் நன்றாகச் சூடேறிய பிறகு இழுவை விட்டுவிடும். இறங்கி வந்து பட்டறைக்குள் விட்டால் ஒரு குறையும் தெரியாது. எங்களோடு சேர்த்து எத்தனையோ பேர் கை வைத்தும் பிடிபடவில்லை. விடிந்ததும் தோட்டத்துப் பெண்களோடு அந்த ஜீப்பில் நானும் ஏறிக்கொண்டேன். மடியில் லேப்டாப், அதிலிருந்து வண்டிக்கு ஒயர்.

“ஏலக்கா பறிக்க இப்ப கம்ப்யூட்டரும் வேணுமாத்தா?” என்று ஒருத்தி கேட்டாள். ஜீப் முழுக்கச் சிரிப்பு. சிரித்தாலும், தூக்குவாளியை நகர்த்தி எனக்கு முட்டி வைக்க இடம் கொடுத்தாள்.

எந்த வளைவில் என்ஜின் எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு நேரம் விடாமல் இழுக்கிறது என்று அடிவாரம் தொடங்கிக் குமுளி வரை பதிவானது. மலையின் சாயலே என் லேப்டாப்பில் இருந்தது. பாதியில் வண்டி வழக்கம்போல் சுணங்கியதும் அதில் விழுந்திருந்தது.

மறுபடி கோயம்புத்தூர். இந்த முறை மலையை விற்பவர் மேசைமேல் விரித்தேன். “இத்தனை கனத்துல, இவ்வளவு நேரம், உருளை எதிர்த்து நிக்கணும்,” என்றேன். முதல் மிஷினால் அது முடியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். அடுத்ததாக, சக்கரத்தைக் கழற்றிவிட்டு அச்சில் நேராக மாட்டும் வகை ஒன்றைக் காட்டினார். நல்ல மிஷின்தான், குறை சொல்ல முடியாது. அண்ணன்தான் வேண்டாம் என்றார்.

“சக்கரமே இல்லாத வண்டி மலையேறுச்சுன்னு கம்பம் ஸ்டாண்டுல போயி நான் சொல்லவா?”

அது நியாயம்தான். பிறகு வந்தது உருளையோடு மின்காந்தப் பிரேக் சேர்ந்த வகை. உருளையை அந்தப் பிரேக் பிடித்து இழுக்கும். வண்டி அதை எதிர்த்து ஏற வேண்டும். நாம் சொன்ன கனத்தை நாம் சொன்ன நேரம் வரை விடாது. இரண்டு சக்கரத்துக்கு மட்டும்தான் உருளை. எங்கள் ஜீப்புகள் ஏறுவது பின்சக்கரத்தால், கார்கள் ஓடுவது முன்சக்கரத்தால். அந்த இரண்டே போதும். முதலில் சின்னப் பிரேக் வைத்ததில் ஒரு பிக்கப்பை ஏற்றி என் மலையை ஓட்டினார்கள். பாறை வளைவு வருவதற்குள் பிரேக் சூடாகித் தானாகவே விட்டுக்கொடுத்துவிட்டது.

“வண்டி நிக்கலைண்ணே. மலைதான் நின்னுருச்சு,” என்றேன்.

இந்தத் தடவை விற்பவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். பெரிய பிரேக் வைத்ததை ஓட்டினோம். குமுளி வரைக்கும் போனது. உச்சியைத் தொட்ட பிறகும் அது அசராமல் பிடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் அந்தச் சுவர்த் திரையை ஒருமுறை ஏக்கத்தோடு திரும்பிப் பார்த்தார். “இதையே எடுத்துருவோம்த்தா,” என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. விற்பவர் இருந்ததால் தண்ணீர் குடித்தேன்.

தரையைத் தோண்டி, கான்கிரீட் போட்டு, உருளையை இறக்கினோம். ரேடியேட்டருக்குக் காற்றடிக்க ஆள் உயர ஃபேன் ஒன்று. எல்லாம் முடிந்து எங்கள் பழைய ஜீப்பை ஏற்றி மலையைப் போட்டதும் ஒரு புதுத் தலைவலி. செங்குத்து வரும்போதெல்லாம் டயர் உருளைமேல் வழுக்கிக் கிறீச்சிட்டது. வண்டியைத் தரையோடு கட்டியிருந்த பெல்ட்டை இறுக்கினோம். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரச் சொல்லி ஸ்டாண்டுக்கே அழைப்பு போயிருந்தது.

பாய் ஜீப்பில் உர மூட்டைகளைக் கூரை முட்ட அடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பின்னால் இன்னும் சில ஜீப்புகளில் டிரைவர்கள்.

“மூட்டை எதுக்கு பாய்? மலையோட கனத்த இந்த மிஷினே குடுத்துரும். எறக்கிருங்க,” என்றேன்.

“வெறும் வண்டிய ஏத்திட்டு மலையேறிருச்சுன்னு சொல்லுவியா? ஒத்த மூட்டைய எறக்க மாட்டேன்த்தா.”

பட்டறையில் மலையேறவும் லோடு ஏற்றிக்கொண்டு வருவது எங்கள் ஊர் ஆட்களால் மட்டுமே முடியும். விளக்கினேன். குரலை உயர்த்தியும் விளக்கினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் நடுவில் வந்து, “இருந்துட்டுப் போகட்டும் விடு,” என்றார். மூட்டையோடேயே ஏற்றிப் பெல்ட் போட்டு இறுக்கினோம்.

டயர் வழுக்கவில்லை. மூட்டையின் கனம் பின்சக்கரத்தை உருளைமேல் அமுக்கிப் பிடித்துக்கொண்டது. நேற்று முழுக்க நான் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு மருந்து அவர் வண்டியிலேயே வந்திருந்தது. அவருக்கு அது தெரியாது. அப்போதைக்கு நானும் சொல்லவில்லை.

அண்ணன் ஓட்டினார். நான் மலையை ஒவ்வொரு வளைவாகக் கூட்டினேன். ஃபேன் இரைச்சலில் டிரைவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்திப் பேசிக்கொண்டார்கள். பாதி மலை தாண்டியது. வண்டி சூடேறியது. அப்போது, நின்ற இடத்தில், எல்லோர் கண் முன்னாலும், அந்த ஜீப் இழுவை விட்டது.

பாய் ஒரு அடி முன்னால் வந்தார். “இதுதான். இதேதான்,” என்றார்.

மலையில் இப்படி ஆனால் ஸ்டியரிங்கைப் பிடிப்பதா, கல்லைத் தேடுவதா என்றுதான் இருக்கும். இங்கே வண்டி எங்கும் போகாது. ஆக்ஸிலேட்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை உட்காரவைத்துவிட்டு அண்ணன் இறங்கினார். டார்ச்சோடு பானெட்டுக்குள் குனிந்து, காதை வைத்துக் கேட்டார்.

“ஏத்தா, பிடிச்சே வை. விட்றாத. இங்கனதான் சீறுது.”

டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாய். சூடேறி உப்பியதும் அதன் அடிப்பக்கத்து வெடிப்பு வாயைத் திறந்து காற்றை வெளியே விட்டுவிடுகிறது, ஆறியதும் மூடிக்கொள்கிறது. எந்தப் பட்டறையிலும் ஆறிய பிறகுதானே பார்த்தார்கள். அண்ணன் நிமிர்ந்தபோது முகமெல்லாம் கரி, வாயெல்லாம் பல். எனக்குச் சிறகு முளைத்ததுபோல் இருந்தது. நான் தேர்ந்தெடுத்த மிஷின் பிடித்துக் காட்டிவிட்டது, என் அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். குழாயை மாற்றி மறுபடி மலையைப் போட்டோம். பாறை வளைவு, அதற்கு மேல் செங்குத்து, குமுளி. கோடு ஒரு இடத்திலும் தொய்யவில்லை.

டிரைவர்கள் தலையை ஆட்டினார்கள். ஆனாலும் பாய் சாவியை வாங்கவில்லை.

“எல்லாஞ் சரி தம்பி. காலையில நீங்களும் கூட வந்து ஒரு தடவ வளைவுல ஓட்டிக் காட்டிருங்க. ஸ்டாண்டுக்கு ஒரு நம்பிக்க.”

அண்ணன் என்னைப் பார்த்தார். மறுக்கத் தெரியாத மனுசன்.

“அண்ணன் வரமாட்டாக பாய்,” என்றேன். “மலைய இங்கனயே ஏறிக் காட்டியாச்சு. இனி எந்த வண்டிக்கும் வரமாட்டாக.”

“நாளைக்கி என் வண்டி ஏறலைன்னா ஸ்டாண்டுல இருந்து ஒரு வண்டி இந்தப் பக்கம் திரும்பாதுத்தா.”

“திரும்ப வேணாம்.”

அண்ணனுக்காகப் பட்டறையையே ஒரே வாக்கியத்தில் பந்தயம் வைத்திருந்தேன். பாய் கிளம்புகையில் மனசு கேட்காமல், டயர் வழுக்காமல் காப்பாற்றியது அவர் மூட்டைதான் என்று சொன்னேன். “நான் சொல்லல?” என்று மீசையை நீவிக்கொண்டு, சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செல்போன் அடித்தது. அவர் கையில் சட்னி. அண்ணி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். குமுளியின் காற்றும் பெண்களின் பேச்சுமாக ஒரே இரைச்சல். அதற்கு மேல் பாயின் குரல்.

“தம்பி, அடிபொளி. பாறை வளைவு ரெண்டாவதுலயே ஏறிருச்சு. சுணக்கமே இல்ல. ஸ்டாண்டுல பேசிட்டேன், வரிசையா எல்லா வண்டியும் வருது. தம்பி? எங்கன இருக்கீக?”

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அண்ணி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“வீட்டுலதான் இருக்காக,” என்றார். “சாப்பிட்டுக்கிட்டிருக்காக.”